காரணமில்லாமல் தொடக்கூடாது

இந்த அமெரிக்காவில் வலிக்கு மார்க் போடுகிறார்கள். பூஜ்யம் என்றால் வலி இல்லை, பத்து என்றால் உயிர் போகிற வலி. நேற்று ஒருவர் தாடையைத் தடவி வெகுநேரம் யோசித்து, "ஆறரை" என்றார். அந்த அரையை எங்கே கண்டுபிடித்தாரோ, அவருக்கே வெளிச்சம். திருவண்ணாமலையில் நான் பிசியோதெரபி பார்த்த கிளினிக்கில் ஜாஸ்தி, கம்மி என்ற இரண்டே அளவுதான். பௌர்ணமிக்கு மறுநாள், கிரிவலம் சுற்றிய முட்டிகளெல்லாம் எங்களிடம்தான் வரும். அடி அண்ணாமலையிலிருந்து வரும் காமாட்சி அக்கா, கட்டிலில் ஏறியதுமே காலைப் புடவைக்குள் ஒளித்துக்கொள்வார்.

"டாக்டரம்மா, நீங்க போயி என் காலத் தொடறதா? பாவம் வந்துடும்."

"தொடாம எப்படிக்கா பாக்கறது?"

"தள்ளி நின்னே பாருங்க."

கடைசியில் தொட விடுவார். விட்டதும் என் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கணக்கை நேர்செய்துவிடுவார்.

இங்கே நான் செய்வது எலும்பு மூட்டு பிசியோதெரபியில் ஒரு வருட மேல்பயிற்சி. ரெசிடென்சி என்பார்கள். இதில் ஒரு பரீட்சை உண்டு: நாம் நோயாளியைப் பார்ப்போம், பயிற்சியாளர் லிண்டா மூலையில் உட்கார்ந்து நம்மைப் பார்ப்பார். அவருக்கு ஒரே சட்டம். காரணமில்லாமல் நோயாளியைத் தொடக்கூடாது. முதல் தடவை, நோயாளியின் கெண்டைக்காலை ஏன் அழுத்தினாய் என்று கேட்டார். எனக்கு வாயில் வந்தது, "சும்மாதான்." ஊற்றிக்கொண்டது. இன்னொரு தடவை ஊற்றிக்கொண்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு திருவண்ணாமலைக்கு, வேங்கிக்கால் வீட்டுக்கே போக வேண்டியதுதான். ஏற்கெனவே என் அப்பா, பெண் அமெரிக்காவில் பெரிய படிப்பு படிக்கிறாள் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்.

இரண்டாவது பரீட்சைக்கு வந்தவர் வால்டர் என்ற பெரியவர். வலது முட்டியில் வலி, மார்க் ஐந்து. வலிக்கிற காலில் எதைச் சோதித்தாலும் நல்ல காலிலும் சோதித்து ஒப்பிட வேண்டும் என்பது எங்கள் தொழில் வழக்கம். அப்படியே எல்லாவற்றையும் செய்தேன், காரணமும் சொன்னேன். முடித்துவிட்டு நாற்காலியைத் தள்ளி எழுந்தபோது என் கால் அவருடைய வலது ஷூவில் இடித்துவிட்டது. அவ்வளவுதான். குனிந்து ஷூவைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டேன். நான் எங்கே செய்தேன், கை தானாகச் செய்தது. மூலையில் லிண்டாவின் பேனா நின்றது. வால்டர் என்னை மரியாதையோடு பார்த்தார். பிறகு இடது காலையும் நீட்டினார்.

"ஒப்பிட்டுப் பார்க்க வேண்டாமா?"

வேறு வழி? இடது ஷூவையும் தொட்டு ஒற்றிக்கொண்டேன்.

"அது என்ன டெஸ்ட்?" என்று லிண்டா கேட்டார். வீக்கம் பார்த்தேன், சூடு பார்த்தேன் என்று நான்கு பொய்கள் நாக்கு நுனியில் நின்றன. உண்மையையே சொன்னேன். எங்கள் ஊரில் ஒருவர் மேல் கால் பட்டுவிட்டால் இப்படித்தான் மன்னிப்புக் கேட்போம்.

"சரி, இரண்டாவது கால்?"

"ஒப்பிட்டுப் பார்க்க."

லிண்டா சிரிப்பை அடக்க முடியாமல் தாளால் முகத்தை மறைத்துக்கொண்டார். அதில் எழுதியிருந்ததைப் பிறகு பார்த்தேன்: தொட்டதற்கெல்லாம் காரணம் இருந்தது, பாஸ். வெளியே வந்து அப்பாவுக்குப் போன் செய்து அழுதேன். ஃபெயில் என்று நினைத்து அவரும் அழுதார்.

போன மாதம் லீவில் ஊருக்குப் போனபோது, பௌர்ணமிச் சாயங்காலம் கிரிவலம் வந்தேன். அடி அண்ணாமலை தாண்டியதும், நெரிசலில் ஒரு அம்மாவின் காலை நன்றாக மிதித்துவிட்டேன். "சாரி" என்று சொல்லிவிட்டு நடந்தேன். பத்தடி போன பிறகுதான் உறைத்தது. கை தானாகப் போகவே இல்லை! எனக்கு அழுகை வந்துவிட்டது. திரும்பி ஓடினேன், அந்த அம்மா கூட்டத்தில் போய்விட்டார். என்ன செய்வது, அவர் நின்ற இடத்தில் ரோட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

பின்னால் வந்தவர் என்னைப் பார்த்து அவரும் தொட்டுக் கும்பிட்டார். அவருக்குப் பின்னால் வந்தவரும்.

"இங்க என்ன சாமிங்க?" என்று ஒருவர் என்னிடம் கேட்டார்.

"சும்மாதாங்க" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, குனிந்து தொட்டுக்கொண்டார்.