ஒரு கால் நீண்ட பெருக்கல் குறி

தட்டுத் தொழிற்சாலையில் அவளுக்குப் பெயர் பூதக்கண்ணாடி. வைத்தவர்கள் மாடியில் தட்டுகளுக்குச் சித்திரம் வரைகிறவர்கள். அவர்களுக்கு அவள் முகமே தெரியாது. மேலே வரைகிறவர்களும் கீழே சரிபார்க்கிறவளும் சந்தித்துக்கொள்ளக் கூடாது என்பது அங்கே விதி. சாப்பாட்டு நேரம்கூட வேறு வேறு. முகம் பழகிவிட்டால் கண் மங்கிவிடும் என்று முதலாளி நினைத்தாரோ என்னவோ. ஆனாலும் பட்டப்பெயர் மாடிப்படி இறங்கி அவள் காதுக்கு வந்து சேர்ந்துவிட்டது. அவள் வருத்தப்படவில்லை. முதலில் சொன்னது யாராக இருக்கும் என்று மட்டும் ஒரு மாதம் யோசித்தாள்.

பத்தொன்பது வருடமாக ஒரே வேலை. சூளையிலிருந்து வரும் தட்டை முகத்துக்கு நேரே பிடித்து, வெளிச்சத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பாள். நீலத்தில் ஒரு தண்டு, அதில் ஏழு இலை. எல்லாத் தட்டிலும் இதே படம்தான். கோடு நடுங்கியிருந்தாலோ இலை சாய்ந்திருந்தாலோ, மெழுகுப் பென்சிலால் விளிம்பில் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி. இடது கைக்காரி என்பதாலோ என்னவோ, அவள் போடும் குறியில் ஒரு கால் மட்டும் நீண்டு தொங்கும். குறி போட்ட பிறகுதான் தட்டைத் திருப்பி, அடியில் இருக்கும் எண்ணைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவாள். யார் வரைந்தது என்று முன்னாலேயே தெரிந்துவிடக் கூடாது. புதிதாகப் போட்ட குறி விரலால் துடைத்தால் போய்விடும். ஆனால் போட்ட குறியை அவள் ஒரு நாளும் துடைத்ததில்லை.

வீட்டிலும் இதே கதைதான். கணவர் லிஃப்ட் மெக்கானிக். அரைமணி தாமதமாக வந்து, "லிஃப்ட்ல ஒருத்தர் மாட்டிக்கிட்டார்" என்றால், "எத்தனாவது மாடி?" என்பாள். இரண்டு நாள் கழித்து, வேறு ஏதோ பேச்சுக்கு நடுவில், அதே கேள்வியை மறுபடி நைசாகக் கேட்பாள். அவர் சொல்லும் மாடி மாறியதே இல்லை. அதுவே அவளுக்குச் சந்தேகம். ஒரு மனுஷர் இவ்வளவு சரியாகவா ஞாபகம் வைத்திருப்பார்?

இப்படிப்பட்டவளுக்கு ஒரு ஆசை இருந்தது, அவளும் வரைய வேண்டும் என்று. ஆயிரக்கணக்கில் இலைகளைப் பார்த்துப் பார்த்துக் கை துறுதுறுத்தது. மாடிக்குப் போக ஒரு தேர்வு உண்டு. ஒரு தட்டில் வரைந்து கொடுக்க வேண்டும். மாடித் தலைவர் சரி என்றால் அது சூளைக்குப் போகும். சுட்டு வந்த பின் சரிபார்ப்பு மேசையில் குறி விழாமல் தப்பிவிட்டால் வேலை. ஒருவருக்கு மூன்று வாய்ப்பு, நான்காவது கிடையாது. அவள் இரண்டைத் தொலைத்துவிட்டாள். முதல் முறை தலைவர் சீட்டில் எழுதி அனுப்பியிருந்தார்: "கோடுகள் சுத்தம். ஆனால் அச்சடித்ததுபோல் இருக்கிறது. அச்சடிக்க நம்மிடம் இயந்திரம் இருக்கிறது." இரண்டாம் முறை அந்தச் சீட்டுகூட வரவில்லை, தட்டு மட்டும் திரும்பி வந்தது. அன்றைக்கு அவள் அழுதாள். அழுதது கணவருக்குத் தெரியக் கூடாது என்று வெங்காயம் உரித்தாள்.

மூன்றாவது தேர்வுக்கு ஆறு வாரம் இருந்தபோது, ஒரு சைக்கிள் கடைக்கு மேலே ஞாயிறு மதியம் தூரிகை வகுப்பு நடக்கிறது என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தாள். டீச்சர் அவளைவிடப் பத்து வயது சின்னவள், அதிகம் பேசாதவள். வருகைப் பதிவேட்டில் எல்லோரும் டிக் அடித்தார்கள். இவள் பழக்கதோஷத்தில் பெருக்கல் குறி போட்டாள். டீச்சர் பதிவேட்டைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள், மறுபடி பதிவேட்டைப் பார்த்தாள். இதைப் பூதக்கண்ணாடி மனதுக்குள் குறித்துக்கொண்டாள்.

பக்கத்து மேசையில் ஒரு சலூன்காரர். முடி வெட்டி வெட்டிப் பழகிய கை, தாளில் தன் போக்குக்கு ஓடியது. இலை வரையச் சொன்னால் மீசை வரும். டீச்சர் அவரை விடவில்லை.

"முழங்கை மேசையில படக்கூடாது. மூச்சை வெளிய விட்டுட்டுக் கோட்டை ஆரம்பிங்க. ஒரு இலைக்கு ஒரே இழுப்பு. போன கோட்டு மேல திரும்பப் போகக் கூடாது."

"எனக்கு என்ன டீச்சர்?" என்றாள் இவள்.

"உங்களுக்கா? நீங்க இஷ்டம்போல வரைங்கக்கா."

இரண்டாம் வாரமும் இதே பதில். மூன்றாம் வாரம் சலூன்காரருக்கு இன்னும் நாலு விதிகள் சேர்ந்தன. இவளுக்கு மறுபடியும் இஷ்டம்தான்.

இதில் ஏதோ இருக்கிறது என்று அவளுக்கு உறுதியாகிவிட்டது. சலூன்காரர் டீச்சருக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். அவருடைய கடைக்கே போய், கணவருக்கு முடி வெட்ட எவ்வளவு நேரமாகும் என்று கேட்பதுபோல் விசாரித்தாள். சொந்தமில்லை. அப்படியானால் டீச்சருக்கு வரையவே தெரியாது. இத்தனை வாரத்தில் தூரிகையை அவள் கையில் எடுத்ததை யாராவது பார்த்தார்களா?

"இஷ்டம்போல வரைன்னா வரைய வேண்டியதுதானே?" என்றார் கணவர்.

"இஷ்டம்னா என்னங்க? எந்த அளவுல இஷ்டம்? எங்க ஆரம்பிச்சு எங்க முடியணும்?"

அவர் டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

வேறு வழியில்லாமல் சலூன்காரருக்குச் சொன்ன விதிகளைக் காதைத் தீட்டிக் கேட்டுத் திருட்டுத்தனமாகப் பின்பற்றினாள். முழங்கையைத் தூக்கினாள், மூச்சை விட்டாள். இலைகள் வழக்கம்போல அச்சடித்த மாதிரி வந்து உட்கார்ந்தன. நான்காம் வாரம் பொறுமை போய்விட்டது. இஷ்டம்தானே, இந்தா என் இஷ்டம் என்று ஏழு இலையையும் சரியாகப் பார்க்காமல்கூட இழுத்தாள். மூன்றாவது இலை, யாரோ கூப்பிட்டுத் திரும்பியதுபோல, ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. கசக்கி எறியப் போனவளின் கையிலிருந்து டீச்சர் அந்தத் தாளை வாங்கினாள். அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

எதற்கு? எனக்கு எதிராக யாரிடம் காட்டப் போகிறாள்? அந்த வாரம் முழுக்க அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஐந்தாம் ஞாயிறு அரைமணி முன்னாலேயே போனாள். டீச்சர் கீழே தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். அலமாரியில் சாவி தொங்கியது. திறந்தாள். மேலே அவளுடைய தாள். அதற்குக் கீழே செய்தித்தாள் சுற்றி அடுக்கிய தட்டுகள். ஒன்றைப் பிரித்தாள். தண்டு, ஏழு இலை, விளிம்பில் சிவப்பாக, ஒரு கால் நீண்ட பெருக்கல் குறி. அடுத்ததிலும் குறி. எல்லாவற்றிலும் அவள் கையெழுத்துப் போட்டதுபோல அதே குறி. திருப்பினாள். 27. எல்லாமே 27.

அவளுக்கு 27 ஞாபகம் இருந்தது. பதினோரு வருடத்துக்கு முன் ஒரு நாள் பதிவேட்டிலிருந்து அந்த எண் காணாமல் போனது. உலகத்தில் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவள், அது எங்கே போயிற்று என்று மட்டும் யோசித்ததில்லை.

வாசலில் குடத்தோடு டீச்சர் நின்றிருந்தாள்.

"நான் எதையும் எடுக்கல" என்றாள் இவள்.

"தெரியும். சரிபாக்கறீங்க."

"உங்களுக்கு முதல் நாளே தெரியுமா?"

"பதிவேட்டுல பாத்ததுமே. நாலு வருஷம் அந்தக் குறியோட குடும்பம் நடத்தினவ நான். தள்ளின தட்டை வரைஞ்சவங்களே எடுத்துட்டுப் போகலாம்னு வழக்கம், அதான் இங்க இருக்கு. மாசத்துக்கு முப்பது குறிக்கு மேல விழுந்தா வேலை கிடையாது. எனக்கு முப்பத்தொண்ணு."

"அதுக்குத்தான் பழி வாங்கறீங்களா? எனக்கு மட்டும் ஒண்ணும் சொல்லித்தராம?"

டீச்சர் குடத்தை இறக்கி வைத்தாள். "முதல் ரெண்டு வாரம் அதான். வெள்ளைத் தாளை வெச்சுக்கிட்டுத் திண்டாடட்டும்னு. அப்புறம் பாத்தா, உங்களுக்குச் சொல்லித்தர என்கிட்ட ஒண்ணும் இல்ல. சலூன்காரருக்குச் சட்டம் போடலைன்னா கை ஊர் சுத்தப் போயிடும். உங்க கை வாசப்படியே தாண்டறதில்ல. இன்னொரு சட்டம் குடுத்தா அதையும் ஒரு பூட்டா மாட்டிக்குவீங்க."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. அதனாலேயே இவள் முழுசாக நம்பவில்லை. முதல் பாதி உண்மையா, பின்பாதி உண்மையா? மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. வாயில் வந்தது வேறு.

"அந்த மூணாவது இலை சாய்ஞ்சுதான் இருந்துச்சு."

"ஆமாக்கா. சாய்ஞ்சுதான் இருந்துச்சு."

தேர்வு கீழ்த்தளச் சாமான் அறையில் நடந்தது. அவளுக்குக் கிடைத்த எண் 41. மூச்சை விட்டாள், முழங்கையைத் தூக்கினாள், பிறகு அந்த அலமாரியை நினைத்தாள். கை தானாகப் போனது. சுடாத சாயம் சாம்பல் நிறத்தில் இருக்கும். சுட்டால்தான் நீலமாகும். அதனால் சுட்டு வந்தால் எப்படி இருக்கும் என்று அவளுக்கே சரியாகத் தெரியவில்லை. மறுநாள் சீட்டு வந்தது: "உயிர் இருக்கிறது. சூளைக்கு அனுப்பவும்." சீட்டு வேறு யாருக்காவது வந்ததோ என்று எண்ணை மூன்று முறை பார்த்தாள். பிறகுதான் சந்தோஷப்பட்டாள்.

சூளையை ஒரு நாள் முன்னதாகவே திறந்துவிட்டார்கள். அவளோடு சரிபார்ப்பு மேசையில் உட்காரும் இன்னொரு பெண் விடுப்பில் இருந்தாள். அவள் தட்டைத் தனியே எடுத்து வைக்கச் சூப்பர்வைசர் மறந்துபோனார். தேர்வுத் தட்டு அன்றைய சரக்கோடு கலந்து வந்தது. சரிபார்க்கிறவள் வரைந்த தேர்வுத் தட்டு எதுவும் அதுவரை சூளை வரை வந்ததில்லை, அதனால் இதற்கென்று ஒரு விதியும் இல்லை. அவள் வழக்கம்போலத் தட்டு தட்டாகச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அறுபதைத் தாண்டியபோது ஒன்றில் மூன்றாவது இலை சாய்ந்திருந்தது. கை யோசிக்கவில்லை. சிவப்புப் பென்சில், பெருக்கல் குறி, நீண்ட கால். திருப்பினாள்.

41.

கட்டைவிரலால் ஒரு துடைப்பு போதும், யாரும் பார்க்கவில்லை. விரலைக்கூடக் கொண்டுபோனாள். நன்றாக இருக்கிறது என்று துடைக்கிறேனா, என்னுடையது என்று துடைக்கிறேனா? வாழ்க்கையில் முதல் முறையாக அவளுக்குத் தட்டின் மேல் அல்ல, குறியின் மேல் சந்தேகம் வந்தது. இந்தக் குறி தப்பென்றால், முப்பத்தொன்றாவது குறி?

சூப்பர்வைசரிடம் போனாள். "இதை நான் பாக்கக் கூடாது சார். வேற ஆள் பாக்கணும்."

"வேற ஆளுக்கு எங்கம்மா போறது? ரூல்ல அப்படி இல்லையே."

"என் தட்டை நானே பாக்கலாம்னும் ரூல்ல இல்லையே சார். பழைய இருபத்தேழு இங்கதான் சைக்கிள் கடை மாடியில இருக்காங்க. அவங்களைக் கூப்பிடுங்க."

அவள் பிடித்தால் விடமாட்டாள் என்று சூப்பர்வைசருக்குத் தெரியும். ஆள் அனுப்பினார்.

டீச்சர் ஒரு துணிப்பையோடு வந்தாள். தட்டை வாங்கி வெளிச்சத்தில் ஒரு சுற்றுச் சுற்றினாள். அந்தப் பார்வையின் அடியில் நிற்பது எப்படி இருக்கும் என்று பூதக்கண்ணாடிக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"மூணாவது இலை சாய்ஞ்சிருக்கு."

"தெரியும்."

"அழகா சாய்ஞ்சிருக்கு. ஆனா குறியை நான் துடைக்க மாட்டேன். நீங்க போட்டது, நீங்களே பாத்துக்குங்க." பையிலிருந்து ஒரு பழைய தட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அதிலும் மூன்றாவது இலை அதே பக்கம் சாய்ந்திருந்தது, விளிம்பில் அதே சிவப்புக் குறி.

சூப்பர்வைசர் பேனாவைத் திறந்துகொண்டு, "என்னம்மா, நாற்பத்தொண்ணு பாஸா, இல்லையா?" என்றார்.

"இருங்க சார். முதல்ல இருபத்தேழு. அப்புறம்தான் நாற்பத்தொண்ணு" என்றாள் பூதக்கண்ணாடி.

அவள் பழைய தட்டை மடியில் வைத்துக் கட்டைவிரலால் துடைத்தாள். போகவில்லை. எச்சில் தொட்டுத் துடைத்தாள். பதினோரு வருடத்து மெழுகு, லேசில் போகிற மாதிரி இல்லை. மேலங்கியின் முனையைச் சுருட்டிக்கொண்டு, தலையை நிமிர்த்தாமல், நீண்ட காலிலிருந்து தேய்க்க ஆரம்பித்தாள்.