பால் வரும் என்று யாரும் சொல்லவில்லை

மலேசியாவில் லிங்கிப் பக்கம், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய கிராமக் கிளினிக்கில் நான் தாதி. பிள்ளை பெற்றவர்களை வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதும் என் வேலை. புதிதாகச் சேரும் தாதியருக்காக இதை எழுதுகிறேன். கோபம் இன்னும் ஆறவில்லை.

ஒரு காலை மோகன் மோட்டார் சைக்கிளில் வந்து கவுண்டரில் நின்றார்.

"மிஸி, வைஃபுக்கு மாரு ரெண்டும் கல்லாட்டம் ஆயிருச்சு. தொட விடமாட்டேங்குது. மருந்து இருக்கா?"

அவர் மனைவி மாலதி என்னிடம்தான் செக்கப்புக்கு வந்துகொண்டிருந்தாள். எட்டாம் மாதம் குழந்தை வயிற்றிலேயே இறந்து, ஆஸ்பத்திரியில் பிரசவமானது. வீடு திரும்பிவிட்டாள் என்பதே மோகன் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. ஏன் என்னை அனுப்பவில்லை என்று எங்கள் தலைமைத் தாதியான சிஸ்டரிடம் கேட்டேன்.

"பேபிதான் இல்லையேலா. போய் யாரப் பாப்ப?"

"பெத்தவ இருக்கா சிஸ்டர்."

பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மாலதி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். படுக்க முடியவில்லை. மார்பில் மல்லிகைப்பூவை வைத்து, மேலே சாரோங் துணியை இறுக்கிக் கட்டியிருந்தார்கள். உதடு வெடித்திருந்தது.

"பூ வச்சா பால் வத்திரும்னு லுக்குட் டவுனுக்கு ஆளனுப்பி வாங்கியாந்தேன். தண்ணியக்கூட கொறச்சுட்டேன். வேற என்னம்மா செய்ய?" என்றார் மாமியார்.

அவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. தெரிந்ததைச் செய்திருந்தார். தெரிந்த நாங்கள்தான் ஒன்றும் செய்யவில்லை.

"பூ இருக்கட்டும் ஆண்ட்டி. கட்ட அவுத்துருங்க. மொதல்ல தண்ணி குடுங்க."

காய்ச்சல் இல்லை, சிவந்த இடமும் இல்லை. இறுகக் கட்டினால் பால் உள்ளே அடைத்துக்கொண்டு சீழ் வரைக்கும் போகலாம். அழுத்தாத, தாங்கிப் பிடிக்கிற பிரா போதும். ஐஸைத் துண்டில் சுற்றிக் கொஞ்ச நேரம் ஒத்தினோம். வலிக்குப் பாராசிட்டமால். பிறகு, கையால் பாலை எடுக்கச் சொல்லிக்கொடுத்தேன்.

மாமியார் தடுத்தார். "கறந்தா இன்னும் ஊறுமே?"

"முழுசா எடுத்தா ஊறும். விண்ணு விண்ணுன்னு இருக்கறது விடுற அளவுக்கு மட்டும் எடுத்தா, நாளாக நாளாக வத்திரும். காய்ச்சல் அடிச்சா, எங்கயாவது செவந்தா, ஒடனே கூட்டியாங்க."

கொஞ்சம் பால் வந்ததும் மாலதியின் தோள் இறங்கியது. கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புள்ள இல்லன்னு இதுக்குத் தெரியாதா மிஸி?"

"ஒடம்புக்குத் தெரியாது மாலதி. பால் வரும்னு ஒனக்குத் தெரிஞ்சிருக்கணும். சொல்ல வேண்டிய நாங்க சொல்லல."

அப்போதுதான் அவள் அழுதாள். மாமியார் சாரோங்கை மடித்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

கிளினிக்குக்குத் திரும்பியதும் சிஸ்டர், "ஆஸ்பத்திரியில சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேன்" என்றார். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். "கிளினிக்குல பாத்துக்குவாங்கன்னு இருந்துட்டோம்" என்றார்கள். இரண்டு பேரும் குரலை உயர்த்தாமல், மரியாதையாகத்தான் சொன்னார்கள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

இப்போது குழந்தை தவறிய செய்தி வந்தால் யாரையும் கேட்காமல் போகிறேன். என்ன ஆறுதல் சொல்வது என்று தெரியாமல் வாசலில் நிற்காதீர்கள். உள்ளே போய்ப் பெற்றவள் பக்கத்தில் உட்கார்ந்து, பால் வரும், வந்தால் இப்படிச் செய் என்று சொல்லுங்கள். அவளுக்கு அதை வேறு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.