தலைமையாசிரியர் தயாரான தேர்வு

படிப்பு ஒருவரை நோயிலிருந்து காக்கிறதா, அல்லது நோய் மறைந்துகொள்ள இடம் கொடுக்கிறதா? ஐயம்பேட்டை தர்மனோடு வாழ்ந்த அவர் மனைவி பூவம்மாளுக்கு இந்தக் கேள்வி வந்து சேர்ந்தது. தர்மன் கணக்கில் முதுகலை படித்துத் தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவர். நல்லாசிரியர் என்பார்கள், கண்டிப்பானவர் என்பது மட்டும் நிச்சயம். பூவம்மாள் மூன்றாம் வகுப்போடு நின்றவள்.

தை மாதம், காஞ்சிபுரத்திலிருந்து வீட்டுக்கு ஷேர் ஆட்டோ ஏறியவர் எதிர்த்திசையில் முசரவாக்கத்தில் போய் நின்றார். மகள் பிரியதர்ஷினி சிரித்தாள்.

"அப்பாவுக்கா மறதி? பதினேழாம் வாய்ப்பாட்டை இன்னும் தலைகீழா சொல்லிக்கினு இருக்காரு. உன்னைத்தாம்மா செக் பண்ணணும்."

ஆனாலும் பூவம்மாள் அவரை மறதிக்குப் பார்க்கும் டாக்டர் அஃப்ஷீனிடம் அழைத்துப்போனாள். டாக்டர் தர்மனை நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னார். கடிகாரம் வரையச் சொன்னார். முப்பதுக்கு இருபத்தெட்டு.

"மார்க் நல்லாத்தான் இருக்குது. ஆனா படிச்சவங்க ரொம்ப நாள் சமாளிப்பாங்கம்மா. வெளிய தெரியறப்போ நோய் முத்திப் போயிருக்கும். ஆறு மாசத்துல திரும்ப வாங்க."

அன்றுமுதல் அவர் சொல்லும் ஒவ்வொரு சரியான பதிலும் பூவம்மாளைப் பயமுறுத்தியது.

ஒரு மதியம் சோற்றுத் தட்டோடு அறைக்குள் போனாள். அவர் எழுந்து கைகூப்பினார்.

"வாங்கம்மா, உட்காருங்க. நீங்க எந்தப் பையனோட அம்மா?"

அவள் முகத்தைப் பார்த்ததும் சிரித்தார். "சும்மா தமாஷு, பூவு."

"இன்னாங்க தமாஷு இது? உயிரே போச்சு."

அவள் திரும்பியதும், அவள் பெயரைத் தனக்குத்தானே இன்னொரு முறை சொல்லிப் பார்த்தார்.

அடுத்த வாரம் படுக்கையை உதறியபோது ஒரு நோட்டு விழுந்தது. பக்கம் பக்கமாக நூறு, தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு. பிறகு கடிகாரங்கள். கடைசிப் பக்கங்களில் எண்களெல்லாம் வட்டத்தின் ஒரே பக்கமாகச் சரிந்திருந்தன. பிள்ளைகளைத் தேர்வுக்குத் தயார் செய்ததுபோல் அவர் தன்னையே தயார் செய்துகொண்டிருந்தார். டாக்டரிடம் சொன்னால் கணவர் தலைகுனிவார். சொல்லாவிட்டால் வைத்தியம் நடக்காது. நோட்டை இருந்த இடத்திலேயே வைத்தாள்.

ஆடியில் மறுபடி போனார்கள். பேருந்தில் வழிநெடுக அவர் உதடுகள் அசைந்தன.

"சார், நூறுல ஏழு போனா?" என்று தொடங்கினார் டாக்டர்.

பூவம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"தெரியும்மா," என்றார் தர்மன். "ஆனா சொல்லமாட்டேன்."

பென்சிலையும் தாளையும் டாக்டர் பக்கம் தள்ளினார். பூவம்மாளைக் காட்டினார்.

"என்னைக் கேக்காதீங்க. நான் வீட்டுல எப்படி இருக்கேன்னு இவங்களைக் கேளுங்க."

ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று அவள் பலமுறை கேட்டிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் அவர் அந்த நோட்டை எடுத்து அவள் கையில் வைப்பார்.