ஹிண்டா நடிக்கவில்லை, பேசினாள்

நியூயார்க் இரண்டாம் அவென்யூவில் யூதர்களான எங்கள் யித்திஷ் மொழி நாடகக் கொட்டகைகள் நிரம்பி வழிந்த காலத்தில், நான் மேடையின் நடுவே ஒரு பொந்துக்குள் உட்கார்ந்திருப்பேன். தலை மட்டும் மேடை மட்டத்துக்கு வரும். சபைக்குத் தெரியாதபடி முன்னால் ஒரு மூடி. நடிகர்களுக்கு வசனம் எடுத்துக்கொடுப்பது என் வேலை. வாராவாரம் புது நாடகம் போட்டால் எவன் மனப்பாடம் செய்வான்? ராஜா வேஷமும் யூத குரு வேஷமும் என் வாயைப் பார்த்துத்தான் கர்ஜித்தார்கள். கைதட்டல் அவர்களுக்கு, தூசி எனக்கு.

ஹிண்டா பிர்ன்பாம் மட்டும் என் வாயைப் பார்க்காதவள். அவள் போலந்தில் லுப்லின் ஊரில் கையுறை தைப்பவரின் மகள். கல்யாணத்துக்கு நாள் குறித்த பிறகு ஒரு நாடகக் குழுவின் வண்டியில் ஏறிவிட்டாள். குதிரை லாயங்களிலும் தானியக் கிடங்குகளிலும் நடித்துப் பழகிய அந்தக் குழுவில் வசனம் எடுத்துக்கொடுக்க ஆளே கிடையாது. மறந்தால், அப்போது போலந்தை ஆண்ட ரஷ்யர்களின் சிப்பாய்கள் ஊளையிடுவார்கள். அதனால் தன் வசனம் மட்டுமில்லை, எல்லார் வசனமும் அவளுக்கு அத்துப்படி.

கப்பலேறி வந்தவளுக்கு இங்கே காத்திருந்தது நடிகர் சங்கம். அவென்யூவில் நடிக்க வேண்டுமென்றால் சங்கத்தில் இருக்க வேண்டும். சங்கத்தில் சேர வேண்டுமென்றால் உறுப்பினர்கள் எல்லோர் முன்னாலும் நடித்துக் காட்ட வேண்டும். பிறகு ரகசிய ஓட்டு. உள்ளே இருப்பவர்களுக்கே பாதி வருஷம் வேலை இல்லை. நன்றாக நடிப்பவளை எவன் உள்ளே விடுவான்? மோசமாக நடிப்பவர்களுக்குத்தான் அங்கே ஆபத்து குறைவு.

ஹிண்டா இரண்டு முறை போனாள். இரண்டு முறையும் பிள்ளையைப் பறிகொடுத்த தாயாக அந்த மரப்பலகை மேடையில் விழுந்து செத்தாள். முன்வரிசையில் ஹெர்ரிங் மீனும் வெங்காயமும் தின்றுகொண்டிருந்தார்கள். ஒருத்தி அழுதபடியே எதிர்த்து ஓட்டுப் போட்டாள்; பின்னால் அவளே என்னிடம் ஒத்துக்கொண்டாள். நான் பின்வரிசையில் நின்று பார்த்தேன். வசனம் எடுத்துக்கொடுப்பவனுக்கு ஓட்டும் கிடையாது.

அவள் வெளியூர் போனாள். டெட்ராய்ட், கிளீவ்லாண்ட், வின்னிபெக். அங்கெல்லாம் சங்கம் கண்டுகொள்ளாது. ரயிலிலேயே தூங்கி, ரயிலிலேயே துணி காயப்போட்டு, ஒரே நாடகத்தில் மகளாகவும் மாமியாராகவும் நடித்தாள். ஆள் வராத நாளில் மாமனாராகவும்.

அப்புறம் யித்திஷ் பேசும்படம் வந்தது. படத்துக்குச் சங்கத்தின் தடை இல்லை. நியூ ஜெர்சியில் ஒரு வயலில் பலகையால் போலந்து கிராமம் ஒன்றைக் கட்டினார்கள். பின்னால் நெடுஞ்சாலை. ஹிண்டா அழும்போதெல்லாம் லாரிக்காரன் ஹாரன் அடிப்பான். அவன் போகிறவரை அழுகையை நிறுத்தாமல் பிடித்து வைத்திருந்து, பிறகு வசனத்தைச் சொல்வாளாம். அந்தப் படம் அவென்யூவின் நாடகக் கொட்டகை ஒன்றுக்கே வந்தது. அவளை உள்ளே விடாத தெருவில், அவள் முகம் வீட்டுக் கூரை உயரத்துக்கு நின்றது.

நாடகம் முடிந்தால் நடிகர் திரைக்கு முன்னால் வந்து சபையோடு பேச வேண்டும் என்பது எங்கள் வழக்கம். பேசாவிட்டால் ஜனம் எழுந்திருக்காது. படத்துக்கும் அதையே கேட்டார்கள். முதல் ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சிக்கு ஹிண்டாவை வரச்சொன்னார் கொட்டகைக்காரர். சங்கத் தலைவர் ஜெலிக் ரோட்மன் அவளைக் காப்பிக் கடையில் பிடித்தார். ராஜா வேஷத்திலேயே பிறந்தவர் போல நடப்பவர். நானும் அதே மேஜையில் இருந்தேன்.

"பேசு, வேண்டாங்கல. ஆனா ஒரு வரி நடிச்சே, அவ்வளவுதான். எந்த ஊர்லயும் எந்தக் கொட்டகையும் உன்னைச் சேர்க்காது. நான் கடுதாசி போட்டுடுவேன்."

"இருமலாமா தலைவரே? இல்ல அதுக்கும் ஓட்டு உண்டா?" என்றாள் ஹிண்டா.

ஞாயிறன்று ரோட்மன் முன்வரிசையில் காவல் உட்கார்ந்தார். நான் மூன்றாவது வரிசை. படம் முடிந்து ஹிண்டா வெளியே வந்தாள். பழைய பழுப்பு கோட்டு, கையில் பை, ரயிலுக்குப் போகிறவள் மாதிரி.

"நான் நடிக்கக் கூடாதாம். அதனால நடந்ததைச் சொல்றேன். சங்கத்துல நான் எப்படிச் செத்தேன்னு கேளுங்க."

சொல்ல ஆரம்பித்தாள். "இப்படித்தான் நின்னேன்" என்று நின்றாள். "இப்படித்தான் தொட்டிலைத் தொட்டேன்" என்று தொட்டாள். அங்கே தொட்டில் இல்லை. ஆனால் பால்கனியில் ஒருத்தி கத்தினாள்: "தொடாதே, பிள்ளை செத்துடுச்சு!" ஹிண்டா நிறுத்தினாள். நிசப்தம் நீண்டது. என் உடம்பு பொந்தில் பழகிய உடம்பு. நிசப்தம் கேட்டால் பதறும். என்னை அறியாமல் அடுத்த வரியைக் குசுகுசுத்துவிட்டேன்.

"லெய்பெல், வாயை மூடு. நான் செத்துக்கிட்டிருக்கேன்" என்றாள் ஹிண்டா.

சபை வெடித்துச் சிரித்தது. ரோட்மன் துள்ளி எழுந்தார்.

"பார்த்தீங்களா! வசனம் எடுத்துக்கொடுக்க ஆள் வச்சிருக்கா. அப்ப இது நாடகம்தான்! தீர்ந்தது உன் பொழப்பு!"

அவளுடைய டெட்ராய்டையும் வின்னிபெக்கையும் ஒரு குசுகுசுப்பில் நான் தொலைத்துவிட்டேன்.

ஹிண்டா பையைக் கீழே வைத்தாள். "எடுத்துக்கொடுக்கற ஆள் யாருக்கு வேணும்னு இப்பவே பார்த்துடலாம். வாங்க தலைவரே, மேல ஏறுங்க. உங்க ராஜா பேச்சு, ஊருக்கே தெரிஞ்சது. லெய்பெல் இல்லாம சொல்லுங்க. சொல்லிட்டா நான் இன்னைக்கே மேடையை விட்டுப் போறேன்."

"ஏறு ராஜா! ஏறு!" பால்கனி காலால் தட்டியது. அங்கே கொறித்த சூரியகாந்தி விதைத் தோல் மழையாகக் கொட்டியது. மறுக்க அந்த மனிதருக்கு வெட்கம், ஏறினார்.

"என் மகன்களே..." என்று கையை உயர்த்தினார். குரலுக்குக் குறைவில்லை. "என் மகன்களே, இந்தக் கிரீடம்..." கை நின்றது. கண் தானாக மேடை நடுவிலிருந்த மூடிக்குப் போனது. அங்கே யாரும் இல்லை. பிறகு மூன்றாவது வரிசைக்கு வந்தது. என்னைக் கெஞ்சியது. வரி என் நாக்கு நுனியில் நின்றது. பல வருஷம் அந்த வாய்க்கு ஊட்டியவன் நான். ஆனால் ஹிண்டா வாயை மூடச் சொல்லியிருந்தாள். மூடினேன். பல்லைக் கடித்துக்கொண்டு மூடினேன்.

ஹிண்டாதான் சொன்னாள். "'...முள்ளால் ஆனது. அதை எவன் கேட்கிறான்?' சொல்லுங்க தலைவரே."

அவர் சொன்னார். அவள் அடுத்த வரியைக் கொடுத்தாள். அதையும் சொன்னார். முழுப்பேச்சையும் அவள் ஊட்டினாள். ராஜா குழந்தை மாதிரி திருப்பிச் சொல்லி முடித்தார். கைதட்டல் இடியாக முழங்கியது. யாருக்கு என்று அவருக்குத் தெரியும்.

இறங்கும்போது மெதுவாகச் சொன்னார்: "திங்கக்கிழமை சங்கத்துக்கு வா. ஓட்டு சும்மா பேருக்குத்தான். நான் பார்த்துக்கறேன்."

அவள் சபைக்கே கேட்கும்படி பதில் சொன்னாள். "சங்கத்துல செத்தது போதும். என்னைப் பார்க்கணும்னா இங்க வாங்க. டிக்கெட் வாங்கிட்டு வாங்க. மீன் கொண்டுவராதீங்க."

எந்த ஊருக்கும் கடுதாசி போகவில்லை. எழுத அவருக்கு முகம் இல்லை. அந்தப் படம் ஓடிய காலமெல்லாம் ஹிண்டா திரைக்கு முன்னால் வந்து பேசினாள். பேச்சு வளர்ந்து வளர்ந்து படத்தைவிட நீண்டது. அதில் அவள் மகளானாள், மாமியாரானாள், ராஜாவும் ஆனாள். நடிப்பு என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.