ஆள் அளக்க வந்தவர்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து நன்றாக இருக்காது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது; அதற்குப் பிறகு உப்பளத்தில் பலகை பிடித்த கை இது. விரல்கள் வெடித்துக் காய்த்துப்போனதால் பேனா நிற்பதில்லை. பிழைகளும் இருக்கும். பெரிய ‘ற’ எங்கே வரும், சின்ன ‘ர’ எங்கே வரும் என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான். இவ்வளவு சிரமப்பட்டு எழுதுவதற்கு வாயாலேயே சொல்லிவிடலாமே என்று தோன்றும். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. சில விஷயங்களுக்கு ஒரே ஒருவர் முன்னாலும் வராது.

இது அறுபத்து நாலில் வந்த பெரும் புயலுக்கு இரண்டு வருடம் முந்தி நடந்தது. உப்பூருக்குக் கிழக்கே, கடலை ஒட்டி எங்கள் முதலாளியின் உப்பளம் இருந்தது. பாத்திகளை வரிசை வரிசையாகப் பிரித்து, ஆளுக்கு ஒரு பாத்தி என்று விட்டிருப்பார்கள். விளைந்த உப்பைப் பலகையால் இழுத்து வரப்பில் குவிப்பதுதான் வேலை. எங்கள் வரிசையில் என் அண்ணன் நடுப் பாத்தி. அவருக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் அண்ணியின் தம்பி. அவனுக்கு வாய் ஓயாது. எனக்கும் சேர்த்து அவனே பேசிவிடுவான் என்று அளத்தில் கேலி செய்வார்கள்.

வைகாசி வெயிலில் உப்புப் பாத்தியைப் பார்ப்பது சூரியனைக் கீழே போட்டுப் பார்ப்பது மாதிரி. வருடக்கணக்காகப் பார்த்தால் கண் மங்கிப்போகும். அண்ணனுக்கும் மங்கியது. நடுவில் இருக்கிற உப்பு அவருக்குத் தெரியும், ஓரம் தெரியாது. அவர் இழுத்து முடித்த பாத்தியில் நாலு ஓரமும் உப்பு அப்படியே கிடக்கும். அவர் முடித்துவிட்டேன் என்று பலகையைச் சாய்த்துவிட்டுத் தண்ணீர் குடிக்கக் கொட்டகைக்குப் போவார். அந்த நேரத்தில் இந்தப் பக்கத்திலிருந்து நானும் அந்தப் பக்கத்திலிருந்து அண்ணியின் தம்பியும் இறங்கி ஓரத்தை இழுத்து, அவர் குவியலிலேயே சேர்த்துவிடுவோம். அவர் திரும்பி வரும்போது நாங்கள் எங்கள் பாத்தியில் நிற்போம்.

எங்கள் அளத்தில் இது புதிது இல்லை. கண் மங்கின ஆளுக்குப் பக்கத்தில் நிற்கிறவர்கள் எப்போதும் செய்வதுதான். அதற்குப் பெயர் கிடையாது. யாரும் அதைப் பற்றிப் பேசுவதும் கிடையாது. முக்கியமாக, யாருக்காகச் செய்கிறோமோ அவரிடம்.

அந்த வருடம் முதலாளி ஒருவரை மதராஸிலிருந்து வரவழைத்தார். ஜீப்பில் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, மூக்குக்கண்ணாடி, மெதுவான குரல். எந்த வேலைக்கு எந்த ஆள் தோது, எத்தனை ஆள் வேண்டும், யாரை எங்கே மாற்றலாம் என்று முதலாளிமார்களுக்கு யோசனை சொல்கிற கம்பெனி ஒன்று அங்கே இருக்கிறதாம். பெரிய மில்லுகளெல்லாம் அவர்களைக் கூப்பிடுமாம். கணக்கப்பிள்ளைதான் எங்களைக் கூட்டி வைத்துச் சொன்னார்.

“அய்யா ஒவ்வொரு ஆளாக் கூப்பிட்டுப் பேசுவாரு. மனசு விட்டுப் பேசுங்க. எல்லாம் ஒங்க நல்லதுக்குத்தான்.”

அண்ணியின் தம்பிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “உப்ப அளக்க ஆளு வரும், பாத்திருக்கோம். ஆள அளக்க ஆளு வந்திருக்கா? படியா மரக்காலான்னு கேளுங்க பிள்ளைவாள்!”

“ஏலே, ஒன்னைய அளந்தா வாய்தான் தேறும். சும்மா இரு” என்றார் அண்ணன். எல்லோரும் சிரித்தோம்.

கொட்டகையில் ஓலைத் தட்டி கட்டி மறைத்து, உள்ளே ஒரு மேஜையும் இரண்டு நாற்காலியும் போட்டார்கள். எதிர் நாற்காலி எங்களுக்கு. அதில்தான் முதல் தகராறு. பெரிய மனிதர் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து எங்களுக்குப் பழக்கம் இல்லை. போனவர்கள் எல்லோரும் தரையில் உட்கார்ந்தார்கள். அவரோ எழுந்து வந்து கையைப் பிடித்துத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தார். உட்கார வைத்துவிட்டு, நீங்கள், உங்கள் என்று மரியாதையாகப் பேசினார். அப்படி ஒரு துரை எங்களிடம் பேசி நாங்கள் கேட்டதில்லை. அதிலேயே பாதிப் பேர் கரைந்துவிட்டார்கள்.

மூத்தவர் என்பதால் எங்கள் வரிசையில் அண்ணன்தான் முதலில் போனார். தட்டிக்கு வெளியே நானும் அண்ணியின் தம்பியும் முறைக்குக் காத்திருந்தோம். ஓலைத் தட்டி வெயிலைத்தான் மறைக்கும், பேச்சை மறைக்காது.

“உங்கள் வேலை எப்படிப் போகிறது?” என்று கேட்டார் அவர்.

“ஒரு குறையும் இல்லீங்கய்யா” என்றார் அண்ணன். கொஞ்சம் நிறுத்தி, “நானே சொல்லக் கூடாது. இந்த அளத்துலேயே என் பாத்தி மாதிரி ஓரம் சுத்தமா வேற பாத்தி கிடையாது. கணக்கப்பிள்ளையக் கேட்டுப் பாருங்க” என்றார்.

அண்ணியின் தம்பி வாயைத் துண்டால் பொத்திக்கொண்டான். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அந்தக் குரலில் இருந்த பெருமையைக் கேட்டதும் நெஞ்சு நிறைந்ததும் உண்மை.

அடுத்து அண்ணியின் தம்பி போனான்.

“இந்த வேலையில் உங்களுக்குப் பிடித்தது எது?”

“முடியிற நேரம்ங்கய்யா.”

உள்ளே அவர் வாய்விட்டுச் சிரித்தார். அப்புறம் வீடு, பிள்ளைகள் என்று விசாரித்தார். கால் வெடிப்புக்கு என்ன போடுகிறீர்கள் என்று கேட்டார். கடைசியில், “உங்களுக்கு ஏதாவது செய்ய வேண்டுமா? தயங்காமல் சொல்லுங்கள்” என்றார்.

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. கொடுக்கிற இடத்தில் நின்று தனக்கென்று கேட்க மாட்டோம். பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்போம். நமக்கு அவர் கேட்பார். அண்ணியின் தம்பியும் அப்படித்தான் கேட்டான்.

“எனக்கு ஒண்ணும் வேணாம்ங்கய்யா. எங்க அத்தானுக்குத்தான் கண்ணு தெரியல. நீங்க போட்டிருக்கிற மாதிரி ஒரு கண்ணாடி வாங்கிக் குடுத்தீகன்னா புண்ணியமாப் போகும். நாங்க ரெண்டு பேரும் ரெண்டு பக்கம் இழுத்து விடுறோம், வேல நிக்கல. ஆனா பாவம், வரப்புல கால் தடுக்குது.”

“இரண்டு பேர் என்றால்?”

“நானும் அவரு தம்பியும்.”

அதற்குப் பிறகு நான் போனேன். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தேன். அவர் கேட்டதற்கெல்லாம் தலையைத்தான் ஆட்டினேன். “உங்கள் அண்ணனுக்குக் கண்ணாடி தேவைப்படுகிறதா?” என்று அவர் கேட்டபோது மட்டும், “ஆமாங்கய்யா” என்று வாய் திறந்து சொன்னேன். சொன்னதில் எனக்குச் சந்தோஷம்கூட. அன்று சாயங்காலம் வீட்டுக்கு நடக்கும்போது அண்ணனுக்குத் தெரியாமல் நாங்கள் இருவரும் கண்ணாடி எப்போது வரும் என்று பேசிக்கொண்டோம். அதைப் போட்டுக்கொண்டு அண்ணன் தேவிபட்டினத்துக் கடலுக்குள் இருக்கிற நவக்கிரகத்தைச் சுற்றி வந்தால் எப்படி இருக்கும் என்று அவன் நடித்தும் காட்டினான்.

மற்ற வரிசைக்காரர்களும் இப்படித்தான் அவரவர் பக்கத்து ஆளுக்குக் கேட்டிருக்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. ஒருவன் தன் மாமாவின் இடுப்பு வலியைச் சொல்லியிருக்கிறான். ஒருவன் இருமல்காரருக்கு மருந்து கேட்டிருக்கிறான். எல்லோரும் டாக்டரிடம் சொல்வது மாதிரி ஒன்று விடாமல் சொல்லிவிட்டார்கள்.

அடுத்த வாரம் ஜீப் மறுபடி வந்தது. கணக்கப்பிள்ளை வந்து அண்ணனைக் கூப்பிட்டார். அண்ணியின் தம்பி என் விலாவில் இடித்து, “கண்ணாடி வந்திருச்சு மாப்ள” என்றான். நாங்களும் பின்னாலேயே போய்த் தட்டிக்கு வெளியே நின்றோம்.

அவர் அண்ணனை நாற்காலியில் உட்கார வைத்தார். அதே மெதுவான குரல்.

“முதலாளியே கணக்கப்பிள்ளை மூலமாகச் சொல்லிவிடலாம் என்றார். நான்தான் வேண்டாம் என்றேன். ஒருவரை வேலையிலிருந்து நிறுத்தினால் காரணத்தை அவரிடமே நேராகச் சொல்ல வேண்டும், அதுதான் அவருக்குச் செய்கிற மரியாதை என்பது எங்கள் கொள்கை. தவறு உங்களுடையது இல்லை. உங்களுக்குக் கண் பார்வை போதவில்லை. உங்கள் பாத்தியின் வேலையை இரண்டு பக்கமும் இருப்பவர்கள்தான் செய்துகொண்டிருக்கிறார்கள். அப்படியென்றால் அந்தப் பாத்திக்குத் தனியாக ஓர் ஆள் தேவையில்லை.”

வேலை போகிறது என்பதுகூட முதலில் என் மண்டையில் ஏறவில்லை. சொல்லிவிட்டாரே, அவரிடமே சொல்லிவிட்டாரே என்றுதான் உள்ளே அடித்துக்கொண்டது. அண்ணியின் தம்பியைப் பார்த்தேன். வாய் திறந்தபடியே நின்றான்.

உள்ளே அண்ணன், “எது?” என்றார்.

அவர் பொறுமையாக மறுபடியும் சொன்னார்.

அண்ணன் வெளியே வந்தார். தட்டியை ஒட்டி நின்ற எங்களை அவருக்குத் தெரியவில்லை என்று நினைத்தேன். ஆனால் எங்கள் பக்கமாகத் திரும்பி நின்றார். “அப்படியாலே?” என்று கேட்டார். அண்ணியின் தம்பி துண்டை முகத்தில் போட்டுக்கொண்டான். அவர் நடந்து போனார். வரப்பு தடுக்கியது. பிடிக்கப் போனேன், கையை உதறிவிட்டார்.

அன்றைக்கு இன்னும் சிலரையும் அதே நாற்காலியில் உட்கார வைத்து அதே மரியாதையோடு நிறுத்தினார்கள். அதைக் கேட்டு அளம் முழுக்க அப்படியே உட்கார்ந்துவிட்டது. யாரும் யாரையும் தூண்டவில்லை. பலகையைச் சாய்த்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கோபம் அப்புறம்தான் வந்தது. முதலில் எல்லோருக்கும் திகைப்பு. நம் வாயாலேயே சொன்னோமே, நல்லதுக்கு என்றுதானே சொன்னோம் என்கிற திகைப்பு.

நான் என் வாழ்நாளில் கூப்பிடாமல் ஒரு பெரிய மனிதர் முன்னால் போய்ப் பேசியது அன்று ஒரு தடவைதான். ஜீப்பில் ஏறப் போனவரிடம் போய் நின்றேன்.

“ஐயா, அது அவருக்குத் தெரியாதுங்க.”

“எது தெரியாது?”

“நாங்க இழுத்து விடுறது. அவருக்குத் தெரியாது. அவரே செய்யுறதாத்தான் நெனச்சிருந்தாரு.”

அவர் ஜீப்பின் கம்பியைப் பிடித்தபடியே நின்றார். முகம் வெளுத்துவிட்டது. “இத்தனை பேருக்குத் தெரியுமே. அவருக்கு எப்படித் தெரியாமல் இருக்கும்?” என்றார். என்னைக் கேட்ட மாதிரி இல்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கொட்டகைப் பக்கம் திரும்பி அந்த ஓலைத் தட்டியைப் பார்த்தார். அதன் இந்தப் பக்கத்தில் இத்தனை பேர் நின்று கேட்டிருக்கிறோம் என்பதும் அப்போதுதான் அவருக்குப் புரிந்தது போலிருந்தது. பிறகு ஏறிப் போய்விட்டார். அவர் கெட்டவர் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

உப்பு பாத்தியிலேயே கிடக்கிறது என்றதும் முதலாளி இறங்கி வந்தார். நிறுத்தின எல்லோரையும் திரும்ப எடுத்துக்கொள்வதாகக் கணக்கப்பிள்ளை வந்து சொன்னார். மற்றவர்கள் வந்தார்கள். அண்ணன் வரவில்லை. நானும் அண்ணியின் தம்பியும் அவர் வீட்டுக்குப் போனோம். அண்ணி சோறு போட்டு வைத்திருந்தாள், அவர் தொடவில்லை.

“அத்தான், என் வாயில புண்ணு வர. கண்ணாடிக்குத்தான் கேட்டேன்” என்று அவர் காலடியில் உட்கார்ந்து அழுதான் அவன்.

“ஒன்னைய என்னலே சொல்ல” என்றார் அண்ணன். “நானும் செஞ்சவன்தான். எனக்குப் பக்கத்துப் பாத்தியில ஒரு பெரியவரு இருந்தாரு. அவரு தண்ணி குடிக்கப் போகையில நான் எறங்கி இழுப்பேன். சாகுற வரைக்கும் அவருக்குத் தெரியாது. ‘ஏம் பாத்தியப் பாருடா, ஓரம் எப்படி இருக்குன்னு’ம்பாரு. நான் ‘ஆமாண்ணே’ம்பேன்.” சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார். “அவர மாதிரியே நானும் பேசியிருக்கேன். எனக்குத் தோணவே இல்லையே.”

“அதனால என்னண்ணே. முதலாளியே கூப்பிடுறாரு. நாளைக்கு வந்துரு” என்றேன்.

“வந்து? தண்ணி குடிக்க நான் எப்பிடிப் போவேன்? நீங்க ரெண்டு பேரும் எப்பிடி எறங்குவீக?”

தன் பலகையைக் கொண்டுபோய்க் கணக்கப்பிள்ளையிடம் ஒப்படைக்கச் சொன்னார். நான்தான் கொண்டுபோனேன். கைப்பிடியில் அவர் விரல் பதிந்த பள்ளம் இருந்தது.

அன்று வாசலில் என்னை நிறுத்தி அண்ணன் ஒன்று கேட்டார். “எப்பயிருந்துலே?”

நான் சொல்லவில்லை. புயலுக்குப் பிறகு ஒரு நாள் கேட்டார். அப்போதும் வாய் வரவில்லை. போன வாரம், அவருடைய ஆடுகளைக் கருவேலங்காட்டிலிருந்து ஓட்டிக்கொண்டு வரும்போது மூன்றாவது தடவையாகக் கேட்டார். இப்போது அவருக்குக் கண் சுத்தமாகத் தெரியாது. ஆட்டுக் கழுத்து மணியை வைத்துத்தான் நடக்கிறார். நான் பக்கத்தில் நடந்தும் சொல்ல முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். என் மகள் எட்டாவது படிக்கிறாள். இன்று சாயங்காலம் இதை அவள் பெரியப்பாவுக்கு வாசித்துக் காட்டுவாள். என் எழுத்து புரியாத இடத்தில் அவளே சரியாக வாசித்துக்கொள்வாள்.

அண்ணே, உன் மூத்த மகளுக்குக் கல்யாணம் முடிந்ததே, அந்தக் கோடையிலிருந்து. அதற்கு முந்தி எல்லாம் நீயே செய்தது. அந்த வருடங்களில் உன் பாத்தி ஓரம் மாதிரி அளத்தில் வேறு பாத்தி கிடையாது. அது நான் சும்மா ‘ஆமாண்ணே’ என்று சொல்வது இல்லை. பக்கத்தில் நின்று பார்த்தேன்.

30-8-1968, வெள்ளிக்கிழமை.