குளத்து மண்ணில் கடல் ஓடு

எண்பதுகளின் நடுவில் பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் ஒன்றில் எனக்குத் தற்காலிக வேலை. குளத்தடி மண்ணைச் சலித்து, எள்ளில் பாதிகூட இல்லாத ஓடுகளை ஈரத் தூரிகையால் பொறுக்கித் தட்டில் அடுக்க வேண்டும். இறாலுக்குத் தூரத்துச் சொந்தமான ஓர் உயிரியின் ஓடு அது. எந்த அடுக்கில் எந்த வகை கிடக்கிறது என்று பார்த்தால், அந்தக் காலத்தில் மழை பெய்ததா, வறண்டதா, நீர் உப்பாக இருந்ததா என்று சொல்லிவிடலாம் என்பார் ஆய்வை நடத்திய டாக்டர். எனக்கு முதலில் அதில் நம்பிக்கை இல்லை. பிறகு அந்த ஓடுகளைத் தவிர வேறு எதிலும் நம்பிக்கை இல்லாமல் போனது.

அசாம் ஜாவா என்ற ஊர்ப் பக்கம் எங்கள் தோட்டத்தில், தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் ஒரு பழைய குளம் உண்டு என்று வாயைத் திறந்தது நான்தான். டாக்டர் வந்து பார்த்தார். அடுக்கு குலையாமல் மண் எடுக்கக் குழாய் இறக்கப்போகும் இடத்தில் மூங்கில் நட்டுவிட்டு, அடுத்த வாரம் வருவதாகச் சொல்லிப் போனார். லயமே என்னை முறைத்தது. பக்கத்துத் தோட்டத்திலும் முதலில் இப்படித்தான் மண் பார்த்தார்களாம். பிறகு வீடு கட்டுகிறவன் வந்தானாம், ஆட்களைக் காலி செய்யச் சொன்னார்களாம். ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்த என் அப்பா மட்டும் ஒன்றும் பேசவில்லை. அதை ஆதரவு என்று எடுத்துக்கொண்டேன். எவ்வளவு மடத்தனம்.

மண் வந்தது. கீழடுக்குகளில் நன்னீர் ஓடுகள். மேலே ஒரு விரற்கடைக்கு முழுக்கக் கடல் ஓடுகள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கோல சிலாங்கூர் கடற்கரைச் சேறும் என் மேசையில் இருந்தது. டாக்டர் என்னைத்தான் பார்த்தார்.

"தட்டை மாற்றிவிட்டாயா?" என்று மலாயில் கேட்டார்.

மெதுவாகக் கேட்டதுதான் சுட்டது. மாதக் கடைசியில் என் வேலையை நீட்டிப்பதா என்று எழுத வேண்டியவர் அவர். நான் பக்கத்து மேசைக்காரியைச் சந்தேகப்பட்டேன். அவள் கலக்கித் தந்த தேநீரைக்கூடத் தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனபோது, மண்ணை மாற்றிவிட்டதாக என்மேல் பழி என்று மட்டும் சொன்னேன். அப்பா சோற்றைப் பிசைந்தபடி கேட்டார்.

"கடல் மண்ணுன்னு கண்டுபிடிச்சிட்டாங்களா?"

நான் கடல் என்ற பேச்சையே எடுக்கவில்லை.

"உப்பு மண்ணுன்னா வீடு கட்ட எவனும் வாங்க மாட்டான்லா. மூங்கில் நட்ட எடத்துல பத்து வாளி கொட்டினோம். ஒன் வேலைக்கு வெனையா வரும்னு தெரியாதும்மா."

கோபத்தில் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். சாப்பிடாமல் பஸ் ஏறினேன்.

திங்கட்கிழமை எல்லாவற்றையும் டாக்டரிடம் சொன்னேன், கொட்டியது என் அப்பா என்பது உட்பட. அவர் சிரித்துவிட்டார். என்னிடம் மன்னிப்பும் கேட்டார். குளத்தில் வேறோர் இடத்தில் குழாய் இறக்கலாம், அப்பாவிடம் நீயே பேசிச் சமாதானம் செய் என்றார். வேலை தப்பியது. நிம்மதியாக எழுந்தவள், கதவருகே போய் நின்று கேட்டேன்.

"இந்த மண் அறிக்கை தோட்ட ஆபீசுக்குப் போகுமா?"

"குளத்தில் இறங்க அனுமதி தந்ததே மேனேஜர்தானே. ஒரு பிரதி கேட்டிருக்கிறார். எதற்கு என்று நான் கேட்கவில்லை."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவை நான் சமாதானம் செய்யவில்லை. வாளிகள் எங்கே இருக்கின்றன என்று கேட்டேன்.