பீலித் தண்ணீர்

அக்கா கொடுத்த சிறுநீரகத்தோடு ஒரு வருடம் ஓடிய பிறகுதான் நான் பிறந்த றொசல்லத் தேயிலைத் தோட்டத்துக்கு ரயில் ஏறினேன். எண்பதுகளின் கடைசி அது. அந்தச் சிறுநீரகத்தை உடம்பு ஒதுக்கிவிடாமலிருக்க நான் விழுங்கும் மாத்திரைகள், நோயை எதிர்க்கும் சக்தியையும் குறைத்துவிடும். அதனால் எங்கே போனாலும் கொதித்தாறிய தண்ணீர்ப் போத்தல் பையில் இருக்கும். வேறு தண்ணீர் கூடாதென்பது டாக்டரின் கண்டிப்பு.

ஆனால் ஆஸ்பத்திரியில் தண்ணீரை அளந்து அளந்து குடித்த நாட்களில் நான் ஏங்கியது, எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் மலையிலிருந்து குழாய் வழியே கொட்டும் பீலித் தண்ணீருக்குத்தான்.

சிறுவயதுத் தோழி அந்தோனியம்மா வாசலிலேயே தண்ணீர்ச் செம்பை நீட்டினாள். நான் போத்தலை எடுத்தேன். அவள் முகம் சுருங்கியது.

"டவுன்ல டீச்சரானதும் எங்க வீட்டுத் தண்ணி எறங்கலியாக்கும்?"

காரணத்தைச் சொன்னேன். செம்பைக் கீழே வைத்துவிட்டு, என் கையைப் பிடித்துப் பீலிக்கு இழுத்துப் போனாள்.

"குடிக்கத்தானடி கூடாதுன்னாங்க? கைய நீட்டு."

நீட்டினேன். சில்லென்று உள்ளங்கை நிறைந்து வழிந்தது. என்னையறியாமல் வாயருகே கொண்டுபோனேன். அவள் மெல்லத் தட்டிவிட்டாள்.

"வேணாம்டி. அக்கா குடுத்தது."

திரும்பும் ரயில் வரும்வரை, ஸ்டேஷனில் ஈரக் கையைத் துடைக்காமலே நின்றிருந்தேன்.